தீர்க்கதரிசிகள் படிக்கட்டிலேயே நிற்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசிலின் காங்கோன்யாஸ் ஊரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் பழைய தங்கச் சுரங்க ஊர்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இரண்டு கருத்துகளை என்னால் ஏற்க முடியவில்லை. பொம் ஜேசுஸ் ஆலயத்தின் முன் உள்ள படிக்கட்டில் நிற்கும், பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் பன்னிரண்டு தீர்க்கதரிசிகளின் சிலைகளுக்குக் கை குட்டையாகவும் முகம் கோணலாகவும் இருப்பதற்குச் சிற்பியின் நோய்தான் காரணம் என்கிறார் கட்டுரையாளர். அப்புறம், அந்தச் சிலைகளை அருங்காட்சியகத்துக்குள் வைத்துவிட்டு வெளியே நகல்களை நிறுத்தலாம் என்கிறார். முதலாவதைச் சரியாகப் பார்த்திருந்தால் இரண்டாவது யோசனையே வந்திருக்காது.

இந்தச் சிலைகளைச் செய்த சிற்பி, அலெய்ஜாதின்யோ என்று உலகம் அறிந்த அந்தோனியோ பிரான்சிஸ்கோ லிஸ்போவா, போர்த்துகீசியக் கட்டடக் கலைஞருக்கும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். நோயால் கைகால் முடங்கியவர் என்பதும் சரி. ஆனால் அவர் இறந்தது 1814-ல். உளியைக் கையில் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்ற செய்தி பரவியதோ 1858-ல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றின் மூலம். கேட்டவர் மனம் உருகும் கதைதான். அதனாலேயே எந்தச் சிலையைப் பார்த்தாலும் நோயே கண்ணில் படுகிறது. அதே குன்றின் சரிவில் உள்ள சிற்றாலயங்களில் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளையும் அதற்கு முந்திய துன்பங்களையும் காட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட மரச் சிலைகள் இருக்கின்றன. 1796 முதல் 1799 வரை அவரும் அவருடைய பட்டறையாட்களும் செய்தவை. அவற்றில் இயேசுவின் முகத்தையும் கைகளையும் பாருங்கள். அப்படிச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, 1800-ல் தீர்க்கதரிசிகளைத் தொடங்கியதும் கையின் அளவு மறந்துபோகுமா?

வேலை நிமித்தமாகப் பெலோ ஹொரிசான்டே நகரில் இருந்தபோது அந்தப் படிக்கட்டில் ஏறியிருக்கிறேன். கீழே நுழைவாயிலின் இரு பக்கமும் ஏசாயாவும் எரேமியாவும் நிற்கிறார்கள். ஏசாயாவுக்கு நேரே நின்றால் கை உடம்புக்குப் பொருந்தாதது போலத்தான் இருக்கும். அடிவாரத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் அந்தக் குறையே தெரியாது. மேலே ஏற ஏற, முதலில் ஒருவரை மறைத்து நின்றவர் விலகி வழிவிடுகிறார். மூலைகளில் ஒபதியாவும் ஆபகூக்கும் கை தூக்குகிறார்கள். யோனா காலடியில் திமிங்கிலத்தோடு வானத்தைப் பார்க்கிறார். தனித்தனியாகப் பன்னிரண்டு சிலைகள் என்று இதைப் பிரிக்கவே முடியாது. ஏறி வருபவனின் கண்ணை மனத்தில் வைத்துச் செய்த ஒரே வேலை அது. அருங்காட்சியகக் கூடத்துக்குள் சமதரையில் வரிசையாக நிறுத்தினால், கட்டுரையாளர் சொல்கிற அந்தக் கோணல் மட்டும்தான் மிஞ்சும்.

சிலைகள் கெடுகின்றனவே என்ற கவலை நியாயமானது. அவை மாக்கல்லில் செதுக்கியவை, நம் வீட்டுக் கல்சட்டி செய்கிற கல்வகை. அதே மாநிலத்து ஓரோ பிரெட்டோ ஊர்ப் பக்கத்தில் இன்றும் அதில் சமையல் பாத்திரம் கடைகிறார்கள். உளிக்கு எவ்வளவு சுலபமாக இளகுமோ, அவ்வளவு சுலபமாக ஆணிக்கும் இளகும். வந்தவர்கள் கீறிவிட்டுப் போன பெயர்களைச் சிலைகளின் உடம்பில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு, கற்பாசி வேறு படர்கிறது. சுற்றிலும் உள்ள மலைகளில் இரும்புத் தாது வெட்டுகிறார்கள். அந்தத் தூசியும் ஊர்மீதுதான் வந்து விழுகிறது.

இதற்கெல்லாம் செய்ய வேண்டியது என்னவென்று யாருக்கும் தெரியாமல் இல்லை. கற்பாசியை முறையாக அகற்ற வேண்டும், கூட்டம் கூடும் செப்டம்பர் திருவிழா நாட்களிலாவது சிலைகளைத் தொட விடாமல் ஆள் போட வேண்டும், சுரங்கத் தூசிக்குக் கெடுபிடி வேண்டும். காசும் அக்கறையும் கேட்கிற வேலைகள். அவற்றைச் செய்யாமல் சிலைகளைப் பெயர்த்து உள்ளே வைப்பது, தூசி கிளப்புகிறவர்களுக்கு வசதியாகப் போய்விடும். பக்கத்திலேயே 2015-ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நகல்களையும் வரலாற்றையும் தாராளமாக வைக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிட்ட படங்கள் எல்லாமே சிலைகளின் முகத்தை நெருங்கி எடுத்தவை. வரும் இதழில், படிக்கட்டின் அடியிலிருந்து பன்னிருவரும் தெரியும்படி எடுத்த ஒரு படத்தையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்