கொல்போஸ்கோப்பிக்குப் போக முன்

அன்புள்ள பிள்ளைக்கு,

போனில் நீ அழுதபோது அப்பா பக்கத்தில் இருந்தார், எனக்கு வடிவாகக் கதைக்க முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

உன் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை முடிவில் உள்ளது இரண்டு விஷயம்: உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது, கலங்களில் சிறிய மாற்றம் இருக்கிறது. புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை. வைரஸ் மட்டும் இருந்திருந்தால் லண்டனில் ஒரு வருடம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருப்பார்கள். கலமும் மாறியதால்தான் கொல்போஸ்கோப்பி.

அங்கே கருப்பைக் கழுத்தில் வினாகிரி மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, பெருக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். மாறிய இடம் வெளுத்துத் தெரியும். சந்தேகமென்றால் அரிசியளவு சதை எடுத்து பயொப்சிக்கு, அதாவது ஆய்வுகூடச் சோதனைக்கு, அனுப்புவார்கள். கொஞ்சம் நோகும், அவ்வளவுதான்.

கலமாற்றம் எவ்வளவு என்பதை சி.ஐ.என். 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். முடிவு 1 என்று வந்தால் பெரும்பாலும் வெட்ட மாட்டார்கள், அது தானாகவே மாறக்கூடியது. ஒரு வருடத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 3 என்றால் விட்டுவைக்க மாட்டார்கள். விறைக்க ஊசி போட்டு, சூடேற்றிய மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை எடுப்பார்கள். ஆறு மாதத்தில் மறுபடி பரிசோதனை. 2 நடுவில் நிற்கும், வயதையும் பார்த்து முடிவெடுப்பார்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை டொக்டரிடம் முதலிலேயே சொல்லு. ஆழமாக எடுத்தால் குழந்தை மாதம் நிறையமுன் பிறக்கும் வாய்ப்புக் கூடும்.

மற்றது, இது அவரிடமிருந்து வந்ததா என்று நீ மெதுவாகக் கேட்ட அந்தக் கேள்வி. மருமகனில் சந்தேகப்படாதே. இந்த வைரஸ் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் உடம்பில் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. மருத்துவிச்சியாக வேலை செய்த காலத்தில் இந்தச் சந்தேகத்தால் வந்த சண்டைகளைக் கண்டிருக்கிறேன். நோயைவிட அதுதான் வீட்டைக் குழப்பியது.

சிகரெட்டை மட்டும் விடு. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயாக்கும்! புகை பிடித்தால் உடம்பு இந்த வைரஸை விரட்டுவது கஷ்டம்.

அப்புறம், அக்காவுக்கு 35 ஆகிவிட்டது. இங்கே எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் பெண்களுக்கென்று நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் வெட்கம் என்று நிற்கிறாள். என் சொல் எடுபடவில்லை. உனக்கு வந்ததைச் சொல்லி நீ ஒருக்கால் கதைத்துப் பார்.

அன்புடன்,
அம்மா