சின்னாச்சியிட்டைப் போய்க் கேள், பிள்ளை

அன்பான பிள்ளைக்கு,

நீ அனுப்பின அன்னபூரணிக் கப்பல் போட்டோ கிடைச்சது. வாட்ஸ்அப்பில சுத்தித் திரியிற அதே படம்தான், எனக்கும் கனபேர் அனுப்பிப்போட்டினம். "அம்மா, எங்கட பூட்டனும் அன்னபூரணியில அமெரிக்கா போனவராமே" எண்டு கேட்டிருக்கிறாய். இல்லைப் பிள்ளை, அவர் போகேல்ல. பர்மாவில ரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் அவர் கப்பலில ஓடித் திரிஞ்சது உண்மை, ஆனா அமெரிக்காவுக்குப் போன ஆக்களில அவர் இல்லை. போனது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள். ஆனா இப்ப வல்வெட்டித்துறையில எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் எங்கட ஆளும் அதில போனவர் எண்டுதான் சொல்லுவினம், இவ்வளவு பேரும் ஏறியிருந்தா அந்த 89 அடிக் கப்பல் கரையிலயே தண்ணிக்குள்ள தாண்டு போயிருக்கும்.

உனக்கு அந்தக் கதை அரைகுறையாத்தான் தெரியும் எண்டு நினைக்கிறன், பேரப்பிள்ளையளுக்குச் சொல்லவாவது வேணும், கேள். 1930இல எங்கட கடற்கரையிலயே மேத்திரிமார் கட்டின பாய்க்கப்பல் அது. வேப்ப மரம். எஞ்சின் கிஞ்சின் ஒண்டும் இல்லை, காத்துத்தான். றொபின்சன் எண்ட அமெரிக்கக்காரன், அதுக்கு முதலே ஒரு சின்னப் பாய்ப்படகில உலகத்தைச் சுத்தி வந்த ஆள், இதைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்கி, மனுசியின்ர பேரை வைச்சு ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன் எண்டு மாத்திப்போட்டான். ஆனா ஓட்டினது எங்கட ஆக்கள்தான், தண்டையல், அதாவது கப்பல் தலைவன், கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. 1937இல இலங்கையை விட்டு வெளிக்கிட்டு, சூயஸ் கால்வாயால போய், மத்தியதரைக் கடலிலயும் அத்திலாந்திக்கிலயும் அடிபட்டு, 1938 ஆவணி முதலாம் திகதி மசாசூசெற்ஸில குளொஸ்ரர் எண்ட மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீ இருக்கிற இடத்திலயிருந்து காரில போகக்கூடிய தூரம்தானே, ஒருக்கா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டன்.

இதை ஏன் இவ்வளவு எழுதுறன் எண்டா இஞ்ச இப்ப இந்தக் கதையள் சேர்க்கிற வேலை ஒண்டு நடக்குது. ஊர்ப் பெடியள் கொஞ்சப்பேர் சேர்ந்து பின்னேரங்களில வயசான ஆக்களை ஒரு வீட்டு விறாந்தையில இருத்தி, தேத்தண்ணி குடுத்து, போனை முன்னால வைச்சுக் கதைக்க விடுகினம். நானும் போறனான். முதல் நாளே சண்டை. அன்னபூரணி கட்டினது இந்த வளவுக்கு முன்னாலயோ அந்த வளவுக்கு முன்னாலயோ எண்டு ரெண்டு கிழவர்மார் கையை ஓங்காத குறை, ஒருத்தர் எழும்பிப் போட்டார், பிறகு தோடம்பழம் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவை. பெடியனொருத்தன் என்னட்டை வந்து, "அன்ரி, இதில எது சரி எண்டு எழுதுறது" எண்டான். ரெண்டையும் எழுது, ஆர் சொன்னது எண்டும் எழுது எண்டன். ஏனெண்டா ஒருத்தர் தன்ர தேப்பன் வாயால கேட்டதைச் சொல்லுறார், மற்றவர் தன்ர மாமன் வாயால கேட்டதை. நாங்கள் இப்ப ஒண்டை வெட்டிப்போட்டா வெட்டினது திரும்ப வராது, நாளைக்கு ஒரு பழைய உறுதியோ கடிதமோ எங்கையாவது கிடைச்சா அப்ப பார்த்துக்கொள்ளலாம்.

வெளியில எங்கட ஊர்ப் பேரைச் சொன்னா ஆக்களுக்கு ஒரேயொரு விசயம்தான் ஞாபகம் வரும், என்னெண்டு உனக்கும் தெரியும். அது ஒரு பக்கம். ஆனா அதுக்கு முன்னால நூறு, நூற்றைம்பது வருசமா இது கப்பல்காரற்ற ஊர். புகையிலையும் பனஞ்சிலாகையும் ஏத்திக்கொண்டு போய் அரிசியும் ஓடும் கொண்டு வந்த ஊர். கச்சான் காத்தோட பர்மாப் பக்கம் போறது, வாடை விழத் திரும்பிறது. 1942இல யப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சவுடனை அந்த ரங்கூன் ஓட்டம் நிண்டு போச்சு. கடலில நீந்தினவையும் எங்கட பக்கத்து ஆக்கள்தானே, தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல பாக்கு நீரிணையைக் கடந்தவர், ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல போய்த் திரும்பியும் வந்தவர். அதுகள் எல்லாம் எழுதியாச்சு, பேப்பரிலயும் வந்தது, அதுக்கு நாங்கள் கஷ்டப்படத் தேவையில்லை.

எனக்குக் கொதி வாறது வேற ஒண்டுக்கு. கப்பலுக்குப் பேர் அன்னபூரணி அம்மாள். ஆனா விறாந்தையில இருந்து கதைக்கிறது முழுக்க ஆம்பிளையள். எத்தினை பாய், என்ன மரம், எந்தக் காத்து, எவ்வளவு லாபம், இதுதான் கதை. நாங்கள் பொம்பிளையள் அஞ்சாறு பேர் போனா குசினிப் பக்கம் இருத்தித் தேத்தண்ணி ஊத்த விடுகினம். நான் கேட்டன், மாசக்கணக்கில கடலில நிக்கிற ஆக்களுக்கு என்னத்தைக் கட்டிக் குடுத்து விட்டவை, ஆர் ஒடியல் மா இடிச்சது, ஆர் புழுக்கொடியல் காயப்போட்டது, கப்பல் பிந்தினா கடைக் கடனை ஆர் சமாளிச்சது, புருசன் இல்லாத வீட்டில ஆர் வழக்குப் பேசினது எண்டு. ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு, "அது வீட்டு விசயம் தங்கச்சி, நாங்கள் சரித்திரமெல்லோ சேர்க்கிறம்" எண்டார். நான் அவருக்கு என்ன சொன்னனான் எண்டதை இஞ்ச எழுதேல்ல.

சரி, எங்கட வீட்டுக் கதைக்கு வாறன். உன்ர பூட்டி, அதாவது என்ர ஆச்சி, பூட்டனுக்கு ஒரு கப்பலில பங்கு எடுக்கிறதுக்குத் தன்ர காப்புச் சோடியையும் அட்டியலையும் கழட்டிக் குடுத்தவ. இது எல்லாருக்கும் தெரியும். பிறகு என்ன நடந்தது எண்டதில்தான் பிரச்சினை. என்ர அம்மா உயிரோட இருக்கேக்கை சொன்னது, அந்தக் கப்பல் அரிசி ஏத்திக்கொண்டு வரேக்கை வங்காள விரிகுடாவில தாண்டு போச்சு, ஆக்கள் தப்பிட்டினம், நகை போனது போனதுதான் எண்டு. மாமா சொல்லுறார், தாழேல்ல, சண்டை வரப்போகுது எண்டு தெரிஞ்சு அக்கியாப்பிலயே வித்துப்போட்டு வந்தவை, அந்தக் காசிலதான் இப்ப நான் இருக்கிற இந்த வீட்டுக் காணி வாங்கினது எண்டு. ரெண்டு கதைக்கும் இடையில ஒரு காணி நிக்குது பார். கப்பலின்ர பேரைக் கூட ரெண்டு பேரும் வேற வேறயாத்தான் சொல்லுவினம். உறுதி, கடிதம், பர்மாவில எடுத்த போட்டோ எல்லாம் ஒரு தகரப் பெட்டியில கிடந்தது, 87இல வடமராட்சியில சண்டை துவங்கி நாங்கள் உடுத்த உடுப்போட ஓடினது, திரும்பி வந்து பார்க்கேக்கை பெட்டியும் இல்லை, பெட்டி வைச்ச அறைக்குக் கூரையும் இல்லை. எங்கட வீடு மட்டும் இல்லை, கனக்க வீட்டில இதே கதைதான், அதாலதான் இந்த ஊரில கடுதாசியை விட ஆக்களின்ர வாயைத்தான் நம்ப வேண்டிக் கிடக்கு.

இந்த ரெண்டுக்கும் சாட்சியா இப்ப மிஞ்சி இருக்கிறது ஒரே ஒரு ஆள். உங்கட ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில இருக்கிற சின்னாச்சி. அவ அப்ப சின்னப்பிள்ளை, ஆனா வீட்டில நிண்டவ. உனக்கு அவவின்ர வீடு பஸ்ஸில அரை மணித்தியாலம். நீ கலியாணவீடுகளில கண்டு சுகம் கேக்கிறதோட சரி. அவவுக்கு 90 தாண்டிட்டுது பிள்ளை.

யோசிச்சுப் பார், எங்கட ஊரின்ர ஞாபகத்தில பாதி இப்ப ஊரில இல்லை. ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் நாலாம் மாடி பிளாற்றுகளில சுவெற்றர் போட்டுக்கொண்டு ரீவி பார்த்துக்கொண்டு இருக்குது. இஞ்ச பெடியள் விறாந்தையில சேர்க்கிறது மிச்சப் பாதியைத்தான்.

அதால நீ போகோணும். போய், "சின்னாச்சி, ஊர்ச் சரித்திரம் சொல்லுங்கோ" எண்டு கேட்டுப்போடாதை, எனக்கென்ன தெரியும் பிள்ளை எண்டு வாயை மூடிப்போடுவா. சாப்பாட்டில துவங்கு. கப்பலுக்கு என்ன சமைச்சுக் குடுத்தனீங்கள், கப்பல் வந்தா உங்களுக்கு என்ன கொண்டு வருவினம், ஆர் முதல்ல கடற்கரைக்கு ஓடுவினம், அப்பிடிக் கேள். அவ கதை விட்டு கதை தாவுவா, மாரியம்மன் கோயில் இந்திர விழாவில துவங்கி ஆற்றையோ மாட்டில போய் முடிப்பா, தாவட்டும், இழுக்காதை, அந்த மாட்டுக் கதைக்குள்ளதான் ஒரு ஒழுங்கையின்ர பழைய பேர் கிடக்கும். இடையில "இல்லை, அம்மா வேற மாதிரிச் சொன்னவ" எண்டு திருத்தப் போகாதை. அவ சும்மா இருந்தா நீயும் சும்மா இரு. உனக்குப் பேசாமல் இருக்கிறது கஷ்டம், எனக்குத் தெரியும், என்னைப் போலத்தான்.

போனில ரெக்கோட் பண்ண முதல் அவவிட்டைக் கேட்டுப்போட்டுப் பண்ணு. துவக்கத்தில திகதி, இடம், அவவின்ர முழுப்பேர், பிறந்த வருசம், நீ ஆர் எண்டதை உன்ர வாயாலயே சொல்லிப்போட்டுத் துவங்கு, பிறகு பத்து வருசம் கழிச்சுக் கேக்கிற ஆளுக்கு வேணும். பைலை வாட்ஸ்அப்பில அனுப்பினாப் போதும் எண்டு இருக்காதை, போன் துலைஞ்சா அதுவும் துலைஞ்சுது, கம்பியூட்டரில ஒண்டு, வேற இடத்தில ஒண்டு போட்டு வை. பழைய போட்டோ காட்டினா ஆர் ஆர் எண்டு இடப்பக்கத்திலயிருந்து வரிசையாக் கேட்டு பின்பக்கத்தில பென்சிலால மெல்ல எழுது, பேனை ஊறும்.

இன்னுமொண்டு, அவவின்ர அலுமாரியில கல்வெட்டுகள் இருக்கும். செத்த வீட்டுக்கு 31ஆம் நாள் குடுக்கிற புத்தகம், நீங்கள் அங்க வாங்கி ஒரு மூலையில போட்டுவிடுறது. எறியாதையுங்கோ. அதில இருக்கிற புகழ்ச்சியை நம்ப வேண்டாம், கல்வெட்டில ஒரு கெட்ட மனுசனையும் நான் இதுவரை காணேல்ல. ஆனா ஆர் எந்த வீட்டில பிறந்தது, எங்க கலியாணம் முடிச்சது, என்ன தொழில் செய்தது, எந்த நாட்டுக்குப் பிள்ளையள் போனது, அவ்வளவும் கிடக்கும். பத்துப் பன்ரெண்டு கல்வெட்டைச் சேர்த்து வைச்சா ஒரு ஒழுங்கையின்ர நூறு வருசம் கையில வந்திடும். ஸ்கான் பண்ணி நூலகம் ஆக்களுக்கு அனுப்பலாம், 2005இலயிருந்து இன்ரநெற்றில எங்கட தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கினமே அவை, கல்வெட்டும் எடுப்பினம். 81இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைக் கண்ட ஆக்கள் நாங்கள், ஒரே இடத்தில ஒரே ஒரு பிரதி எண்டா எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்கும்.

89 ஆவணியில இந்திய ஆமி ஊர்ச் சனத்தைச் சுட்டதைப் பற்றி நீயாக் கேக்காதை. அந்த ரெண்டாம் திகதியைப் பற்றி அவ சொல்ல வெளிக்கிட்டா கேட்டுக்கொண்டு இரு, போனை நிப்பாட்டவோ எண்டு ஒருக்காக் கேள், நிப்பாட்டு எண்டா நிப்பாட்டு. இஞ்சயும் விறாந்தையில அந்தப் பேச்சு வந்தா எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பினம், பிறகு ஆராவது பட்டப் போட்டியைப் பற்றித் துவங்குவினம். அவையவை சொல்லுற நேரம் சொல்லட்டும், அதைச் சேர்த்துப் போடோணும் எண்டு நாங்கள் ஒருத்தரையும் தோண்டக்கூடாது. சொன்னதையும் அவ ஓம் எண்டாமல் ஒருத்தருக்கும் அனுப்பாதை.

அவவுக்கு மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு நித்திரை, அதால நாலு மணிக்குப் பிறகு போ. சீனி வருத்தம் இருக்கு, கடையில கேக்கு வாங்கிக்கொண்டு போய் நிக்காதை, இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு போ, புளியைக் கொஞ்சம் கூட விடு. இடக்காது கேக்காது, வலப்பக்கம் இரு. பெரியவளையும் கூட்டிக்கொண்டு போ, தமிழ் விளங்காட்டியும் பரவாயில்லை, பூட்டப்பிள்ளையைக் கண்டா அவ இன்னும் நல்லாக் கதைப்பா.

எல்லாம் கேட்டு முடிய, கடைசியா காப்புச் சோடியைக் கேள். கப்பல் தாண்டதோ, வித்ததோ. அவ என்ன சொன்னாலும் அப்பிடியே அனுப்பு, வெட்டாமல் கொத்தாமல், ஆனா முதல்ல எனக்கு அனுப்பு, மாமாவுக்கு அனுப்பிப்போடாதை, அந்த மனுசன் அடுத்த நாளே விறாந்தையில எழும்பி நிண்டு தான் சொன்னதுதான் சரி எண்டு வாசிச்சுப்போடும்.

அன்புடன்,
அம்மா