புத்தகக் கட்டோடு பட்டியலையும் அனுப்புங்கள்: மதுரைப் பள்ளி நூலகங்கள் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: மதுரை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பள்ளி நூலகங்களுக்கென அனுப்பும் ஒரே கட்டுப் புத்தகங்கள் கொட்டாம்பட்டிக்கும் போகின்றன, சேடபட்டிக்கும் போகின்றன. கட்டைப் பிரித்த ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்புப் பதிவேட்டைத் திறந்து, தலைப்பு, ஆசிரியர், விலை, பில் எண் என்று முதலிலிருந்து எழுதுகிறார். 200 தலைப்புகள் 100 பள்ளிகளுக்குப் போனால் 20,000 முறை எழுத வேண்டும். அவற்றில் 19,800 முறை எழுதுவது வீண் வேலை. இந்த வேலையை மாவட்டத்தில் ஓரிடத்தில் ஒரே தடவை செய்து, அந்தப் பதிவுகளைப் புத்தகக் கட்டோடு சேர்த்து அனுப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இருப்புப் பதிவேடு தணிக்கைக்கானது. எத்தனை நூல் வந்தது, என்ன விலை என்று அது சொல்லும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘எறும்பு பற்றி ஏதாவது இருக்கா சார்’ என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலில் நூலுக்கு ஒரு பதிவும் ஒவ்வொரு படிக்கும் (பிரதிக்கும்) ஒரு பதிவும் தனித்தனியே இருக்க வேண்டும். தலைப்பு, ஆசிரியர், படம் வரைந்தவர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், வகுப்பு நிலை, பொருட்சொற்கள் (நூல் எதைப் பற்றியது என்று காட்டும் சொற்கள்), பகுப்பெண் (பொருள் வாரியாக அடுக்க உதவும் எண்) ஆகியவை நூலுக்கு உரியவை. மாவட்டம் முழுவதற்கும் பொது. இருப்பு எண், எந்த பீரோ, கிழிந்ததா, யாரிடம் இருக்கிறது என்பவை படிக்கு உரியவை. அதைப் பள்ளிதான் எழுத முடியும். இரண்டும் ஒரே வரியில் கலப்பதால்தான் ஒரே நூலின் ஐந்து படிகள் ஐந்து விதமான தலைப்போடு நிற்கின்றன.

இது புதிய யோசனை அல்ல. ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்கென்றே ஒரு பொதுப் பட்டியல் சேவை 1984 முதல் நடக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் ஓரிடத்தில் பட்டியலிடுகிறார்கள். பள்ளி, நூலுக்குரிய பன்னாட்டு எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐக் கொடுத்தால் ஆயத்தப் பதிவு இறங்கிவிடுகிறது. நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் நூல்கள் அங்கே இருக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலில் தமிழ் நூல்கள் ஏராளம், ஆனால் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கும். கோஹா என்ற நூலக மென்பொருளில் அதை இழுத்துப் போட்டுவிட்டு ‘பட்டியல் முடிந்தது’ என்று சொல்லலாம். எந்தப் பிள்ளையும் அதில் எதையும் தேடிக் கண்டுபிடிக்காது.

எங்கே சறுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஐ.எஸ்.பி.என். 2007-க்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம்தான் இருக்கும். கடைசி இலக்கத்தை நீக்கி, முன்னால் 978 சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்; வெறுமனே 978 ஒட்டினால் தவறான எண். பின்னட்டைப் பார்கோடு 890 என்று தொடங்கினால் அது வணிகப் பொருள் எண், ஐ.எஸ்.பி.என். அல்ல. சில பதிப்பகங்கள் ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்குப் போடுகின்றன. சிறு வெளியீடுகள் பலவற்றில் எண்ணே இராது. ஆகவே எண்ணை மட்டும் நம்பிப் பதிவுகளை இணைக்கக் கூடாது. தலைப்பு, பதிப்பகம், பக்க எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது எக்செல். 13 இலக்க எண்ணை அது 9.78E+12 என்று சுருக்கிக் காட்டும். அந்தக் கோலத்தில் சி.எஸ்.வி. என்ற எளிய உரைக்கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போயின. எண் உள்ளிடும் முன்பே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று மாற்ற வேண்டும். சேமிக்கும்போது ‘யு.டி.எஃப்-8’ என்று குறித்த சி.எஸ்.வி. வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

தமிழ் எழுத்தில்தான் பெரிய தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றாமல் ஏற்கவே கூடாது. யூனிகோடிலும் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் பாதிப் பேர். ‘ஸ்ரீ’-க்கும் இரண்டு குறிமுறை உண்டு. எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரல் ஒன்றை ஏற்றும் முன் ஓட்டினால் இதில் பெரும்பகுதி தீரும். ஔ மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். கோஹாவில் தேடலுக்கும் அகரவரிசைக்கும் மொழிக்கேற்ப எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. அமைப்பை இயக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வெறும் யூனிகோடு குறி எண் வரிசையில் ‘ற’ ரகரத்தின் பின்னாலேயே வந்து நிற்கும்; ‘ழ’, ‘வ’-வுக்கு முன்னால் வரும்.

ஆசிரியர் பெயருக்கு ஒரு பொதுப் பட்டியல் அவசியம். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, வாண்டுமாமா வி. கிருஷ்ணமூர்த்தி. ஒரு பள்ளியில் புனைபெயர், இன்னொன்றில் இயற்பெயர், வேறொன்றில் தலைப்பெழுத்து இல்லாத ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று எழுதினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். நூலில் அச்சான பெயரைத் தலைப்பெயராக வைத்து, மற்றவற்றை ‘காண்க’ என்று இணைத்தால் போதும். பொருட்சொற்களும் அப்படியே. ‘சுற்றுச்சூழல்’, ‘சூழலியல்’, ‘இயற்கை’ மூன்றையும் ஆளுக்கொன்றாகப் போடாமல் பாடநூல்களின் சொற்களை அடியாகக் கொண்டு 300 சொற்களுக்குள் ஒரு பட்டியல் செய்யலாம். கீழடி, வைகை, கண்மாய், ஜல்லிக்கட்டு ஆகியவை அதில் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் கேட்பவை அவை.

டூயி என்ற நூலகப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811, கதைகள் எல்லாம் 894.8113. நம் பள்ளிகளில் பாதி பீரோ இந்த ஒரே எண்ணில் நிற்கும். அதனால் கதைகளுக்கு வகுப்பு நிலைக்கேற்ற வண்ண ஸ்டிக்கரும் ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் போதும். அறிவியல், வரலாறு ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று இலக்க எண். தொடக்கப் பள்ளிக்கு அதுவும் வேண்டாம். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ போன்ற இதழ்களுக்கு இதழுக்கொரு இருப்பு எண் கொடுக்க வேண்டாம். பெயருக்கு ஒரு பதிவு, கீழே வந்த இதழ்களின் குறிப்பு.

படிகளுக்கான பார்கோடு: பள்ளியின் அடையாள எண்ணான 11 இலக்க யூடைஸ் எண்ணோடு 5 இலக்க இருப்பு எண்ணைச் சேர்த்தால் மாவட்டத்தில் எங்கும் மோதாது. ‘கோட் 128’ வகையில் அச்சிட்டால் சுமார் மூன்று சென்டிமீட்டரில் அடங்கும். ‘கோட் 39’ என்றால் ஏழு சென்டிமீட்டர் நீளும், சிறுவர் நூலின் அட்டையில் படத்தை மறைக்கும்.

ஆள் கணக்கு பெரிதல்ல. நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்கான பதிவு செய்ய 10 முதல் 15 நிமிடம் ஆகும். இருவர் பதிய, ஒருவர் சரிபார்க்க, நாளுக்கு 50 தலைப்புகள். 200 தலைப்புகள் நான்கு நாளில் முடியும். புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கு ஒரு மேசை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். கோஹா இலவசம், தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா நூலக மென்பொருளும் உண்டு. கணினி இல்லாத பள்ளிக்கு அதே பதிவுகளை அச்சிட்ட தாளாக அனுப்பலாம். ஆசிரியர் இருப்பு எண்ணை மட்டும் எழுதிக்கொள்வார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொலைந்த நூலின் விலை தன் சம்பளத்தில் பிடிபடும் என்று அஞ்சும் ஆசிரியர் பீரோவைப் பூட்டியேதான் வைப்பார். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில், விதி 215, ஆண்டில் வழங்கிய அல்லது புழங்கிய 1,000 நூல்களுக்கு 5 தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லை என்றால், இயல்பான இழப்பாக ஏற்கிறது. அதுபோன்ற வரம்பு ஒன்றை நம் பள்ளிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

13 ஒன்றியங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அடுத்த கட்டு வரும்போது கள்ளிக்குடி ஒன்றியத்தில் மட்டும் செய்து பாருங்கள். இரண்டு மாதம் கழித்து ஏதேனும் ஐந்து பள்ளிகளுக்குப் போய், அலமாரியிலிருந்து 20 நூல்களை எடுத்துப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலிலிருந்து 20 தலைப்புகளை எடுத்து அலமாரியில் தேடுங்கள். இரண்டு பக்கமும் 18-க்குக் குறையாமல் கிடைத்தால் அடுத்த ஒன்றியத்துக்குப் போகலாம். குறைந்தால் எந்தப் பள்ளி என்பதைவிட எந்த வகை நூல் அகப்படவில்லை என்று குறித்துக்கொண்டு வந்து அந்தப் பட்டியலிடும் மேசையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரப் பள்ளி நூலகப் பணியில் உள்ளோர் சிலர்