சுரைக்கொழுந்தும் ஸ்பகெட்டியும்

பலெர்மோ, சிசிலி, இத்தாலி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் ஆறுதல். மாட்டுக்கொட்டிலின் மேல் சுரைக்கொடி படர்ந்து கூரையே தெரியவில்லை என்றும், கொழுந்தை ஆட்டுக்கு வெட்டிப் போடுவதாகவும் எழுதியிருந்தாய். வாசித்ததும் வயிறு எரிந்தது. நான் இங்கே அதைக் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

சனிக்கிழமைகளில் பல்லரோ சந்தைக்குப் போவேன். அங்கே ஒரு மூலையில், தன் தோட்டத்து மரக்கறியை மட்டும் விற்கும் கிழவர் ஒருவர் இருக்கிறார். கோடையில் அவருடைய மேசையில் ஒரு மீற்றருக்கு மேல் நீண்டு வளைந்த வெளிர்ப்பச்சைக் காய் கிடக்கும். குக்குட்சா என்பார்கள். புடலங்காய் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்த கொழுந்துக் கட்டைத் தொட்டதும் அந்த மெல்லிய சுணை விரலில் பட்டது. அம்மா பந்தல் போட்ட அதே சுரை! கொழுந்துக்கு இங்கே தெனெருமி என்று பெயர்.

வந்த புதிதில் நான் செய்த கூத்தைச் சொல்லியிருக்கிறேனா? பாஸ்தாவைக் குழையக் குழைய அவித்து, ஊர் மிளகாய்த்தூள் மூன்று கரண்டி போட்டுப் பிரட்டினேன். அறையில் கூட இருந்தவன் தின்றுவிட்டு, "இதற்குப் பேசாமல் புட்டே அவித்திருக்கலாம்" என்றான். இங்கிருந்து முப்பது கிலோமீற்றரளவில் திராபியா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இத்ரியா என்ற, பாஸ்தா போன்ற மாப்பண்டத்தை ஏராளமாகச் செய்து கப்பலேற்றுகிறார்கள் என்று அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி 1154 இல் முடித்த நூலில் எழுதியிருக்கிறார். எண்ணூறு வருடப் பழக்கமுள்ளவர்கள் ஊருக்கு மிளகாய்த்தூளோடு வந்திறங்கியவன் நான்.

இப்போது செய்வது இப்படி. லீற்றருக்கு 10 கிராம் உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிடு. கொழுந்தின் சுருள் கம்பிகளையும் தடித்த காம்பின் நாரையும் உரித்தெறிந்துவிட்டு அரிந்து போடு. பிஞ்சுக் காயையும் சிறிதாக வெட்டி அதிலேயே போடு. (வெட்டியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடு, கசப்புச் சுரை நஞ்சு.) இலை துவண்டு சுணை போனதும் மற்ற வேலையைப் பார். ஒலிவ் எண்ணெயில் நசுக்கிய உள்ளியை விட்டு, பொன்னிறம் தாண்டுவதற்குள் தோலுரித்த தக்காளியைக் கையால் பிசைந்து போடு. உள்ளி கருகினால் எல்லாமே போயிற்று. பிறகு ஸ்பகெட்டியை விரலளவு முறித்து, கொழுந்து வெந்த அதே தண்ணீரில் வேகவை. கடித்தால் நடுவில் சற்று உறுதி தெரியவேண்டும். தண்ணீரை வடித்துவிடாதே, ருசி அதில்தான் இருக்கிறது. தக்காளியை அதில் கொட்டி, பசிலிக்கோ கிள்ளிப் போட்டு இறக்கு. பசிலிக்கோ வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான். சிலர் மேலே பாற்கட்டி துருவுவார்கள். எனக்கு அது கொழுந்தின் மணத்தை மூடிவிடுவதாகவே படுகிறது.

கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுவதல்ல இது, வெயிலுக்கு ஆறவிட்டுக் குடிப்பது. சில ஞாயிறுகளில் நம்மவர்களோடு பெல்லெகிரினோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வருவேன். காலையில் செய்து மூடிவைத்தது ஊறித்தான் கிடக்கும். அந்தப் பசியில் யார் பார்க்கிறார்கள்!

அங்கே ஒலிவ் எண்ணெய் யானை விலை என்றால் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விடு. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், வேறொன்றின் மணத்தையும் எழவிடாது. நுனியைக் கிள்ளினால் கொடி பக்கக் கிளை விட்டு இன்னும் காய்க்கும், ஆட்டுக்கும் குறை வராது. செய்து பார்த்துவிட்டு எழுது. மச்சாள் என்ன சொன்னார் என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்