பழைய டிஜிட்டல் ட்யூனர்களைக் கழித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஸ்டீரியோவில் ஆம்ப்ளிஃபயரோடு தனிப் பெட்டியாக இணைக்கப்பட்டிருந்த டிஜிட்டல் ரேடியோ ட்யூனர்கள், இரைச்சல் வருகிறது, பதிந்த நிலையங்கள் மறந்துபோகின்றன என்ற இரண்டு குறைகளுக்காகப் பழைய சாமான்களோடு போடப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் எளிதில் தீரக்கூடியவை.

குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை அளவுகோலாக வைத்து, பிஎல்எல் என்னும் மின்சுற்றால் அலைவரிசையைப் பிடித்து நிறுத்துபவை இக்கருவிகள். குமிழைத் திருகி முள்ளை நகர்த்தும் ட்யூனர்கள் சூடேறும்போது நிலையத்தை விட்டு விலகக்கூடியவை, இவை விலகுவதில்லை. எண்கள் ஒளிர்ந்தாலும் இவை வாங்குவது வழக்கமான பண்பலை ஒலிபரப்பைத்தான், டிஜிட்டல் முறையில் அனுப்பப்படும் டிஏபி ஒலிபரப்பை அல்ல. நார்வே 2017-இல் செய்ததுபோல் தேசிய நிலையங்களையெல்லாம் டிஏபிக்கு மாற்றிவிட்ட நாட்டில் இவற்றுக்கு வேலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பண்பலை தொடரும் இடங்களில் அந்த நியாயம் பொருந்தாது.

இரைச்சலுக்கு வருகிறேன். பண்பலை ஸ்டீரியோவில் இடம், வலம் இரண்டின் கூட்டு ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், அவற்றின் வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸை மையமாகக் கொண்டும், இரண்டையும் இணைக்க உதவும் வழிகாட்டி ஒலி 19 கிலோஹெர்ட்ஸிலும் அனுப்பப்படுகின்றன. அதிர்வெண் கூடக் கூட இரைச்சலும் கூடும் என்பதால், சிக்னல் வலுவிழந்தால் முதலில் கெடுவது அந்த வேறுபாட்டுப் பகுதியே. அப்பகுதியை விட்டுவிட்டு இரு பக்கமும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பொத்தானை அழுத்தியதும் இரைச்சல் பெருமளவு அடங்கினால், சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் ஆன்டெனாவையே அன்றி ட்யூனரை அல்ல. பின்புறம் ஒரு துண்டுக் கம்பியைச் செருகிவிட்டுக் கருவியைக் குறைசொல்வது நியாயமாகாது. 100 மெகாஹெர்ட்ஸ் அருகேயுள்ள நிலையங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, இரு கைகளாக நீளும் டைபோல் ஆன்டெனாவைச் சன்னலோரம் பொருத்தி, திசையை மாற்றிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

நினைவாற்றல் போவதற்குக் காரணம், பல மாடல்களில், மின்சாரம் இல்லாத நேரத்தில் நினைவைக் காக்கும் சிறு கெபாசிட்டரோ பேட்டரியோ வலுவிழப்பதுதான். அதை மாற்றுவது பழகிய மெக்கானிக்குக்குச் சிறு வேலை; உள்ளே மின்கம்பி மின்சாரம் பாய்வதால் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கலாகாது.

வேற்று நாட்டுக் கருவி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கெனச் செய்தவற்றில் மத்திய அலை 10 கிலோஹெர்ட்ஸ் படிகளாக நகரும்; 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி உள்ள நாடுகளில் பல நிலையங்கள் சரியாக அகப்படா. பண்பலையிலும் உயர் சுருதிகள் சற்று மங்கிக் கேட்கும், ஏனெனில் ஒலிபரப்பில் உயர்த்தி அனுப்பும் உயர் சுருதிகளைக் கருவியில் மீண்டும் தணிக்கும் அளவாக அங்கு 75 மைக்ரோ விநாடியும் பல நாடுகளில் 50 மைக்ரோ விநாடியும் வழக்கம். சில மாடல்களில் இதற்கான சுவிட்சு பின்புறமே இருக்கிறது.

திரை மங்குவதற்கு மட்டும் எளிய மருந்து இல்லை. ஆயினும் மங்கிய எண்ணுக்காக நல்ல ஒலியைக் கைவிட வேண்டியதில்லை.

உற்பத்தி நின்ற மாடல்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளைத் தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் எடுத்துச்சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்