எரி புகுந்தவரும் எஞ்சியிருந்தவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

சோழர் காலச் சரித்திர நாவல்களில் வரும் பெண்களின் மனவுறுதி பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். ஆயினும், உறுதிக்குச் சான்றாகக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய இடங்களிற் பெரும்பாலானவை, பெண் ஒருத்தி தன்னைப் பலிகொடுக்கும் இடங்களாகவோ ஓர் ஆணுக்காகக் காத்திருக்கும் இடங்களாகவோ அமைந்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னை என் அம்மம்மா மத்தியானச் சமையல் முடிந்த பின்னர் வீட்டுப் பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். நந்தினியை அவர் ஒருநாளும் கெட்டவள் என்று சொன்னதில்லை. "அவளுக்கு வேற போக்கிடம் ஆர் விட்டவை?" என்றுதான் கேட்பார். உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடியும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலை தன் கண்முன்னே வெட்டப்படுவதைக் கண்டவள், முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து, பனை இலச்சினை மோதிரத்தின் வலிமையால் கோட்டைக் கதவுகளைத் திறக்கிறாள். அரண்மனைப் பெண்ணொருத்தியின் கைக்கு எட்டக்கூடிய அதிகாரம் அவ்வளவுதான் என்பதைக் கல்கி அறிந்தே எழுதியிருக்கிறார். அதை வஞ்சகம் என்று மட்டும் வாசித்துப் பழகியது நாம்தான். படகு வலித்துக் கடல் கடக்கும் பூங்குழலியைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோனதும் வருத்தமே. இந்நாவலை ஈழத்தோடு பிணைக்கும் மந்தாகினியோ வாய்பேசாதவர். சோழ மன்னர் சுந்தர சோழர்மீது எறியப்பட்ட வேலைத் தாம் ஏற்று இறக்கிறார். அதைத் தியாகம் என்று கொண்டாடுமுன், அவரைப் பேசவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி இங்கிருந்து வாசிக்கும் எனக்கு எழாமல் இராது.

இதற்கு நாவலாசிரியர்களை மட்டும் குறைகூற முடியாது. சுந்தர சோழரின் தேவியான வானவன் மாதேவி கணவரோடு தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு, "முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்" என்று போற்றுகிறது. பால்குடி மறவாத குழந்தையை விட்டுப் போனவரின் துயரம் பற்றி அந்த அழகிய வரிகளில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதே அரச குடும்பத்தில், கணவர் கண்டராதித்தரை இழந்த செம்பியன் மாதேவி எரி புகாமல் இருந்து, பல பத்தாண்டுகள் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிக்கொண்டிருந்தார். கோனேரிராசபுரத்துக் கோயிலைத் தம் கணவரின் பெயரால் எடுப்பித்தவரும் அவரே. கணவரின் பெயரைக் கல்லில் நிறுத்துவதற்குத் தாம் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று அவர் கண்டுகொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இத்தகைய விதவையை நம் நாவல்கள் திருநீறணிந்த பக்தையாக ஓர் ஓரத்தில் அமர்த்திவிடுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், தாம் கொடுத்தவற்றோடு "அக்கன் குடுத்தனவும்" வெட்டும்படி இராசராசன் பணித்தது பலரும் அறிந்ததே. அந்த அக்கன், அதாவது மூத்த சகோதரி குந்தவை, தம் தாய் வானவன் மாதேவி, தந்தை சுந்தர சோழர் இருவருக்கும் அக்கோயிலிற் படிமங்கள் எடுப்பித்தார். தீயிற் போன தாய்க்கு மகள் செய்த நினைவு அது. எந்த வீர சபதத்தையும்விட அது என் மனத்தைத் தொடுகிறது.

அச்சுவரிலேயே, கோயிற்பணிக்கென அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் இருக்கிறார்கள். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட அவர்களுக்கு ஆளுக்கொரு வீடும் 100 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. யார் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டுள்ளது. அவர்கள் விரும்பி வந்தார்களா என்று மட்டும் கல் சொல்லவில்லை. நான் வாசித்த சரித்திர நாவல்களில் இவர்களுள் ஒருத்திகூட நாயகியாக வந்ததில்லை. கட்டுரையாளர் இத்தொடரைத் தொடர்ந்து எழுதுவாராயின், இளவரசியரைச் சற்று இருக்கவிட்டு, தெற்குத் தளிச்சேரித் தெருவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.