கம்பியைச் சுற்றி வெள்ளைக் கோடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லில் ஒன்றரை வருடம் கம்பி போட்டிருந்தாள் என் மகள். கழற்றியபோது பற்கள் வரிசையாக நின்றன. ஆனால் முன்பற்களில் கம்பி ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றி, சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடுகள்! பள்ளி விட்டு வந்து சாப்பிடும் பனிசும் சீனித் தேத்தண்ணியும் இடுக்கில் தங்க, கிருமிகள் அதை அமிலமாக்கி, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கரைத்துவிட்டன. நான்கு வாரத்திலேயே இது தொடங்கலாம்.

வெள்ளி, துத்தநாக ஒக்சைட்டு ஆகியவற்றின் நனோ துகள்களை (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களை)க் கம்பி ஒட்டும் பசையில் கலந்து கிருமிகளை அடக்க ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள். பலன் தெரிகிறது. ஆனால் அளவு கூடினால் பசையின் பிடி தளரும், வெள்ளியால் நிறமும் மாறலாம். வாய்க்குள் மாதக்கணக்கில் பயன் தருமா என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை.

சரி, அதுவரை? எங்களுக்கு "நல்லாத் தீட்டுங்கோ" என்று மட்டுமே சொன்னார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பல் வைத்தியர்களே, கம்பி போடும் அன்றே பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி, கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன பிரஷ்ஷைப் பிடிக்கக் காட்டிக்கொடுங்கள். புளோரைட் பற்பசை பற்றியும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு